கேரவன் ட்ரெய்லர்: எடைச்சீட்டில் 700 கிலோ, ஆனால் முன்பாரம் எவ்வளவு?

தண்டையார்பேட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். ஒற்றை அச்சு கொண்ட சிறிய கேரவன் ட்ரெய்லர் ஒன்றை என்னுடைய டீசல் எஸ்யூவியின் பின்னால் பூட்டி, குடும்பத்துடன் முதலில் பழவேற்காட்டுக்கும், அது ஒத்துவந்தால் பிறகு நெல்லூர்ப் பக்கமும் போய்வர எண்ணியிருக்கிறேன். ட்ரெய்லரின் ஆர்.சி. புத்தகத்தில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோ என்று உள்ளது. காரின் இழுவைக் கம்பியில் அடித்திருக்கும் தகட்டில், அதன் மீது செங்குத்தாக விழக்கூடிய பாரம் 75 கிலோவைத் தாண்டக் கூடாது என்று குறித்திருக்கிறார்கள்.

எல்லாச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மணலிக்கு அருகில் உள்ள ஒரு வே பிரிட்ஜில் எடை போட்டேன். காரும் ட்ரெய்லரும் சேர்ந்து 2,620 கிலோ. ட்ரெய்லரைக் கழற்றிவிட்டுக் குடும்பத்தினர் அமர்ந்த நிலையில் கார் மட்டும் 1,920 கிலோ. ஆகவே ட்ரெய்லர் 700 கிலோ என்று கொள்கிறேன். அனுமதிக்கு 50 கிலோ கீழே இருப்பதால் இது போதும் என்று நினைத்தேன். ஆனால் திரும்பி வருகையில் கன்டெய்னர் லாரி ஒன்று வேகமாக முந்திச் சென்றபோது ட்ரெய்லரின் பின்பகுதி பக்கவாட்டில் சற்று ஆடி அடங்கியது. எடை சரியாக இருக்கும்போது இந்த ஆட்டம் எதனால் வருகிறது?

அளவுகள்: கொக்கியிலிருந்து அச்சு வரை 3 மீட்டர். அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. எடை போட்டபோது நிறைந்திருந்தது. அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் உள்ள சமையல் பெட்டியில் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டு. டயர் 145/80 ஆர்12, சுமைக் குறியீடு 74.

மணலி லோடு:

தம்பி, நான் ட்ரெய்லர் லாரி ஓட்டி ஓய்ந்தவன். உங்கள் சீட்டு மொத்தத்தைச் சொல்கிறது. அந்த மொத்தம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. தொட்டியும் பின்னால், கேனும் பின்னால், சமையல் பெட்டியும் பின்னால் என்றால் அது பின்பாரம். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். வண்டிக்காரர் உடனே இரண்டு மூட்டையை முன்னுக்குத் தள்ளுவார். உங்கள் காரின் கழுத்து அதை உங்களுக்குச் சொல்லாது, அவ்வளவுதான் வேறுபாடு. கொக்கியின் மேல் எவ்வளவு விழுகிறது, அதாவது முன்பாரம் எவ்வளவு என்று முதலில் அளந்து பாருங்கள்.

ராயபுரம் சரக்கு முகவர்:

மேலே ஐயா சொன்னதை எங்கள் தொழிலிலிருந்தும் உறுதிப்படுத்துகிறேன். கப்பலில் ஏறும் ஒவ்வோர் ஏற்றுமதிக் கன்டெய்னரின் மொத்த எடையும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்ற பன்னாட்டு விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சென்னைத் துறைமுகமாக இருந்தாலும் எண்ணூர், காட்டுப்பள்ளியாக இருந்தாலும் அந்தச் சான்று இல்லாமல் பெட்டி கப்பலேறாது. ஆயினும் அந்தச் சான்றில் இருப்பது ஒரே ஓர் எண்தான். எடை துல்லியமாக எழுதப்பட்டிருந்தும், உள்ளே சரக்கு முழுவதும் கதவுப் பக்கம் அடுக்கப்பட்டிருந்தால் பெட்டி தூக்கும்போது சாயத்தான் செய்யும்.

சட்டப் பக்கத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையை மீறி ஓட்டுவதை 113ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். 750 கிலோ என்ற வரம்பை இந்தக் கண்ணோடு பாருங்கள். முன்பாரத்தைப் பற்றி எந்தக் காவலரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை.

தண்டையார்பேட்டைவாசி:

நன்றி. அதே வே பிரிட்ஜுக்கு மீண்டும் சென்று, ட்ரெய்லர் பூட்டிய நிலையில் காரின் நான்கு சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி, ட்ரெய்லரின் சக்கரங்களை மேடைக்கு வெளியே விட்டு எடை போட்டேன். 1,940 கிலோ வந்தது. கார் மட்டும் 1,920 என்பதால் கொக்கியின் மேல் 20 கிலோ விழுகிறது என்று கொள்ளலாமா?

மாதவரம் மெக்கானிக்கல்:

நீங்கள் செய்த முறை சரியானதே. ஆனால் அந்த 20 என்ற எண்ணை நம்ப முடியாது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

நம் பகுதியில் மணலி, மாதவரம், செங்குன்றம், மீஞ்சூர் என எந்தப் பக்கம் போனாலும் வே பிரிட்ஜுக்குக் குறைவில்லை. ஆனால் அவை கன்டெய்னர் லாரிக்கும் நெல் லாரிக்கும் ஏற்றபடி அமைக்கப்பட்டவை; அவற்றின் காட்சித் திரை பெரும்பாலும் 10 கிலோ அல்லது 20 கிலோப் படிகளில்தான் நகரும். 10 கிலோப் படியுள்ள இயந்திரத்தில் 5 டன்னுக்குக் கீழ்ப்பட்ட எடைக்கு, முத்திரை இடும்போது 5 கிலோ வரையிலும், பயன்பாட்டில் இருக்கும்போது அதன் இரு மடங்கான 10 கிலோ வரையிலும் பிழை அனுமதிக்கப்படுகிறது. அரிசி மூட்டை ஏற்றிய லாரிக்கு அது தூசு. நீங்களோ இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைக் கண்டுபிடிக்கிறீர்கள். இரண்டிலும் பிழை இருக்கலாம் என்பதால், உங்களுடைய 20 என்பது உண்மையில் 5 ஆகவும் இருக்கலாம், 35 ஆகவும் இருக்கலாம். கொக்கியை மட்டும் மேடையில் இறக்கி எடை போடுவதும் உதவாது. அத்தகைய இயந்திரத்தின் கீழ்வரம்பு அதன் படியைப் போல் 20 மடங்கு, அதாவது 200 கிலோ. அதற்குக் கீழே அது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

எனவே மொத்த எடைக்கும் அச்சு எடைக்கும் வே பிரிட்ஜைப் பயன்படுத்துங்கள். முன்பாரத்துக்குச் சிறிய தராசு வேண்டும். காசிமேட்டில் மீன் எடை போடும் எலக்ட்ரானிக் தராசு, பழைய பேப்பர் கடைத் தராசு, வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷின் ஆகியவற்றில் எதுவாக இருந்தாலும் போதும். சமதளமான தரையில் ட்ரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, காரில் பூட்டியிருக்கும்போது கொக்கி எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்துக்கு ஒரு மரத் துண்டை வெட்டி, அதைத் தராசின் மேல் நிறுத்திக் கொக்கியின் குழியை அதன் தலையில் இறக்குங்கள். மரத்தின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். பலர் முன்னால் உள்ள ஜாக்கிச் சக்கரத்தைத் தராசில் வைத்துவிடுகிறார்கள். அது கொக்கியை விட அச்சுக்கு அருகில் இருப்பதால் எடையைக் கூட்டிக் காட்டும். அளக்கும்போது ட்ரெய்லருக்குள் யாரும் ஏறக் கூடாது. முன்பாரம் இவ்வளவு குறைவாக இருக்கையில் ஒருவர் பின்பகுதியில் கால் வைத்தாலே மூக்கு மேலே எழும்பிவிடும்.

எண்ணூர் உப்புக்காற்று:

இவ்வளவு கணக்கு தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. கொக்கியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பின்பாரம் என்று தோன்றினால், முன்பக்கப் பெட்டியில் 20 கிலோ மணல் மூட்டை ஒன்றைப் போட்டுவிட்டால் முடிந்தது. வேண்டுமானால் காரின் பின்பக்க ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியாக மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் படகு ஏற்றிய வண்டியை அப்படித்தான் இழுக்கிறோம்.

தண்டையார்பேட்டைவாசி:

காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் உறவினரிடம் தராசை வாங்கி, மாதவரம் நண்பர் சொன்னபடியே அளந்தேன். மரத் துண்டு போக 27 கிலோ. 700 கிலோவுக்கு இது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. எவ்வளவு இருக்க வேண்டும்? மணல் மூட்டை யோசனை எளிதாகத் தெரிகிறது. அதில் ஏதேனும் குறை உண்டா?

மாதவரம் மெக்கானிக்கல்:

எவ்வளவு என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. அமெரிக்காவில் ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் விழ வேண்டும் என்பார்கள். சிறிய கார்களால் இழுக்கும் ஐரோப்பாவில் 5 முதல் 7 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு, காரும் கொக்கியும் தாங்கும் வரம்புக்குள் எவ்வளவு கூடுதலாக வைக்க முடியுமோ அவ்வளவு வையுங்கள் என்பார்கள். உங்கள் தகட்டில் 75 கிலோ என்று இருப்பதால் நீங்கள் இரண்டாவது வழியில்தான் போக முடியும். 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, 75ஐத் தாண்டக் கூடாது. இதுவே உங்கள் எல்லை.

இனி மணல் மூட்டைக்கு வருவோம். அச்சுக்கு 2.7 மீட்டர் முன்னால் 20 கிலோவை வைத்தால் முன்பாரம் 18 கிலோ கூடும். அதற்குப் பதிலாக, பின்னால் இருக்கும் இரண்டு கேன்களை 1.5 மீட்டர் முன்னுக்கு நகர்த்தி, நேராக அச்சின் மேலேயே வைத்தால், 40 கிலோவை 1.5 ஆல் பெருக்கி 3 ஆல் வகுக்க, 20 கிலோ கூடும். கொக்கியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே விளைவுதான். ஆனால் மூட்டை வைத்தால் ட்ரெய்லர் 720 கிலோ ஆகிறது; கேனை நகர்த்தினால் 700 கிலோவாகவே நிற்கிறது.

அதை விடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. பள்ளியில் படித்த நிலைமத் திருப்புத்திறனை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: எடையைத் தூரத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். அச்சிலிருந்து பார்த்தால் அந்தக் கேன்கள் இப்போது 90 அலகு. அச்சின் மேல் வைத்தால் ஏறக்குறைய சுழியம். மணல் மூட்டையோ புதிதாக 146 அலகைச் சேர்க்கிறது. இந்த அளவு கூடக் கூட, ஒருமுறை ஆடத் தொடங்கிய ட்ரெய்லரை நிறுத்துவது கடினமாகும். இரு முனைகளிலும் கனமாக ஏற்றிய ட்ரெய்லரின் கொக்கித் தராசு சரியான எண்ணைக் காட்டும். சாலையில் அது வேறு விதமாக நடந்துகொள்ளும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ட்ரெய்லர்களை வைத்து நடத்திய சோதனைகளிலும், முன்பாரம், அச்சின் இடம், இந்தத் திருப்புத்திறன் ஆகியவையே உறுதிப்பாட்டைத் தீர்மானிப்பவை என்று தெரியவந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும். அதற்கு மேலே ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதை விடப் பெரிதாகும். நீங்கள் ஏற்றும் விதம் அந்த வேகம் எங்கே நிற்கிறது என்பதை மாற்றுகிறது.

ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவதால் காரின் பின்பகுதி தாழ்வது கண்ணுக்குத் தெரியாமல் போகும். சக்கரங்களின் மேல் விழும் பாரம் மாறாது. காரின் இரு அச்சுகளுக்கு இடையே 2.7 மீட்டர் என்றும், கொக்கி பின்அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், கொக்கியில் 70 கிலோ விழும்போது பின்அச்சில் 98 கிலோ கூடி, முன்அச்சில் 28 கிலோ குறையும். ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான்.

எண்ணூர் உப்புக்காற்று:

மணல் மூட்டை பற்றிய கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கையால் தூக்கிப் பார்ப்பதை நான் விட மாட்டேன். பலமுறை ஏற்றி இறக்கிய ஒரே வண்டியில் கை பொய் சொல்வதில்லை.

மணலி லோடு:

உங்கள் வண்டியில் ஏறுவது எப்போதும் அதே படகு, ஐயா. குடும்ப வண்டியில் ஒவ்வொரு முறையும் வேறு சாமான் ஏறும். புதிதாக ஓட்டுபவர் தராசில் பார்த்துவிட்டு அதன் பிறகு கையால் தூக்கிப் பழகட்டும்.

தம்பி, இன்னொன்றையும் பாருங்கள். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனியாக எடை போட்டீர்களா? சமையல் பெட்டி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே பக்கமாக இருக்கும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். வே பிரிட்ஜைத் தேர்ந்தெடுக்கும்போது, தரையோடு தரையாக இருக்கும் குழி வகையாகப் பாருங்கள். மேடை போல உயர்ந்து, இருபுறமும் சரிவு உள்ள வகையில், பாதி வண்டி சரிவில் நிற்கும்போது போடும் அச்சு எடை சரியாக வராது. பக்கவாட்டில் தடுப்புக் கம்பி இருந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை வெளியே விடவும் முடியாது. குழி வகையிலும் மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எடை போட நேர்ந்தால், வண்டி ஏறுவதற்கு முன் திரையில் சுழியம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். ஞாயிறு காலையில் போனால் லாரி வரிசை குறைவாக இருக்கும். ஒவ்வோர் எடைக்கும் தனிக் கட்டணம் கொடுத்துவிடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அங்கிருப்பவர் முகம் சுளிக்காமல் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்த விடுவார்.

தண்டையார்பேட்டைவாசி:

ஐயா சொன்னபடி குழி வகை வே பிரிட்ஜ் ஒன்றில், காரில் பூட்டிய நிலையில் போட்டுப் பார்த்தேன். இடது சக்கரம் 390 கிலோ, வலது சக்கரம் 290 கிலோ.

மாதவரம் மெக்கானிக்கல்:

இதுதான் இந்த இழையிலேயே முக்கியமான எண். சுமைக் குறியீடு 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். இரண்டும் சேர்ந்து 750 என்பதால் மொத்தக் கணக்கில் எல்லாம் சரியாகத் தோன்றுகிறது. ஆனால் இடது டயர் தன் வரம்பை 15 கிலோ தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் வெயிலில், காற்று சற்றுக் குறைந்தாலும், நெடுஞ்சாலையில் அது வெடிப்பதற்கான வழி. பேட்டரி எங்கே இருக்கிறது?

தண்டையார்பேட்டைவாசி:

இடப்பக்கம்தான். ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். வலப்பக்க இருக்கையின் அடியில் இடம் இருக்கிறது. அங்கே கொண்டுபோனால் பக்கவாட்டில் 1.2 மீட்டர் நகரும். சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர்.

மாதவரம் மெக்கானிக்கல்:

அப்படியானால் சுமார் 26 கிலோ இடமிருந்து வலம் மாறும். இடதில் 364, வலதில் 316 என்று வரும். வரம்புக்குள் வந்தாலும் இடைவெளி மிகக் குறைவு. வசதி இருக்கும்போது ரிம்மை மாற்றி, குறியீடு 79 உள்ள 155/80 ஆர்13 டயருக்குப் போய்விடுங்கள். அது 437 கிலோ தாங்கும். புதிய சக்கரம் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியை முன்பின்னாக நகர்த்தாமல், அச்சுக்கு நேராகவே வலப்பக்கம் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் முன்பாரக் கணக்கும் மாறும்.

தண்ணீர்த் தொட்டியையும் இப்போதே யோசித்துவிடுங்கள். அது 60 கிலோ, அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால். நிறைந்திருக்கும்போது அது கொக்கியிலிருந்து 24 கிலோவைத் தூக்கிவிடுகிறது. கேன்களை அச்சின் மேல் வைத்த பிறகு, தொட்டி நிறைந்திருந்தால் முன்பாரம் 47, காலியாக இருந்தால் 71 என்று வர வேண்டும். கேன்களை இன்னும் முன்னால், மூக்குப் பெட்டியிலேயே வைத்திருந்தால், தொட்டி நிறைந்திருக்கும்போதே 83 ஆகி உங்கள் தகட்டின் 75ஐத் தாண்டியிருக்கும்; காலியானவுடன் 107 ஆகியிருக்கும். அதனால்தான் அச்சுக்கு மேலே என்று சொன்னேன். இரண்டு நிலையிலும் தனித்தனியாக அளந்துவிடுங்கள். பாதித் தொட்டியோடு ஓட்டாதீர்கள், திருப்பத்தில் தண்ணீர் அலைந்து ட்ரெய்லரை அசைக்கும்.

ராயபுரம் சரக்கு முகவர்:

மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் போக நினைத்தால், பல இடங்களில் சாலை தரைமட்டத்தை விட உயரமாக இருப்பதால் குறுக்குக் காற்று நேராக அடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை அழுத்தவோ, ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிக்கவோ முயலாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறைய விடுவதே முறை.

தண்டையார்பேட்டைவாசி:

பேட்டரியையும் கேன்களையும் நகர்த்தி எல்லாவற்றையும் மீண்டும் அளந்தேன். தொட்டி நிறைந்த நிலையில் முன்பாரம் 48 கிலோ, காலியான நிலையில் 72 கிலோ. இடது சக்கரம் 360, வலது 310 என்று வே பிரிட்ஜ் காட்டியது. அதன் பிறகு எண்ணூர் விரைவு சாலையில் ஓட்டிப் பார்த்தபோது லாரிகள் முந்திச் சென்றும் முன்பு இருந்த ஆட்டம் தெரியவில்லை.

ஒரே ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. பழவேற்காட்டில் நண்டும் இறாலும் வாங்காமல் திரும்பினால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஐஸ் பெட்டி 25 கிலோ வரை வரும். அதை எங்கே வைப்பது?

மாதவரம் மெக்கானிக்கல்:

திரும்பும்போது தொட்டியும் கேன்களும் காலியாக இருக்கும் என்று கொள்கிறேன். கேன்கள் அச்சின் மேலேயே இருந்ததால் அவை காலியாவதால் முன்பாரம் மாறாது, 72இல்தான் தொடங்குவீர்கள். ஐஸ் பெட்டியை அச்சுக்கு அரை மீட்டர் பின்னால், வலப்பக்கமாக வைத்துப் பட்டையால் கட்டுங்கள். முன்பாரம் 68 ஆகும், ட்ரெய்லர் 625 கிலோ இருக்கும், வலது சக்கரமும் சற்று நிரம்பும். சமையல் பெட்டியில் வைத்தாலும் 60 அளவில் நிற்கும் என்பதால் அதுவும் வரம்புக்குள்தான். ஆனால் இடப்பக்கச் சக்கரத்துக்கு மீண்டும் எடையைக் கொடுக்க வேண்டாம்.

மணலி லோடு:

பெட்டியின் அடியில் உள்ள தண்ணீர் அடைப்பை நன்றாக மூடிவிடுங்கள், தம்பி. உப்பு நீர் சேஸிஸில் வடிந்தால் வெல்டிங் முதலில் அங்கேதான் துருப்பிடிக்கும்.